கல்யாண ரோலில் ஒரு பேருந்து

அந்தப் படத்தை எடுத்தவன் ஆம்ப்ரோஸ். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதைச் சொல்ல ஊரில் வேறு ஆள் கிடையாது.

படம் இதுதான். வெள்ளத்தில் பாதி மூழ்கிய ஒரு பேருந்து. அதன் கூரைமேல் காக்கி உடுப்பில் ஒரு தமிழ்க் கண்டக்டர் மண்டியிட்டுக் குனிந்து, ஒரு மலாய்க்கார அம்மாளை இரண்டு கைகளாலும் மேலே இழுக்கிறார். கீழே கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும் ஒரு சீன இளைஞன் அவளுடைய கால்களைத் தன் தோளில் தாங்கியிருக்கிறான். மூன்று இனம், ஒரு பேருந்து. நாட்டுக்கு வேறென்ன வேண்டும்? எழுபத்தெட்டு டிசம்பரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்த அந்தப் படம், பிறகு காலண்டரில் தொங்கியது, சமூக மன்றச் சுவர்களில் ஒட்டப்பட்டது, கடைசியில் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாள் நன்றிக் கண்ணீர் வடிக்கிறாள் என்று எழுதாதவர்கள் இல்லை. உண்மையில் அவள், தன் தையல் மெஷினைத் தண்ணீரோடு போக விட்டுவிட்டான் என்று அந்தச் சீனப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். எதிரே மதில்மேல் தொற்றிக்கொண்டு நின்ற ஆம்ப்ரோஸுக்கு அது காதில் விழுந்தது.

படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அந்தப் பத்திரிகையின் பெயர் இருக்கும். ஆம்ப்ரோஸின் பெயர் எங்கேயும் இருக்காது.

அப்போது அவன் டன்லப் ஸ்திரீட்டில் நூருல் அமீனின் ஸ்டூடியோவில் ஒரு மேசையை வாடகைக்குப் பிடித்துக் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோவிலில் பூசை பார்க்கிறவன் என்றாலும் அவனுக்குச் சோறு போட்டது சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபங்கள்தான். கெட்டிமேளம் எப்போது முழங்கும், எந்தச் சித்தப்பா குறுக்கே வந்து நிற்பார் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் அந்தத் தொழிலில் அவனுக்கு மதிப்பில்லை. பத்திரிகைப் படக்காரன் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. காலையில் பத்திரிகையைப் பிரித்தால் முதலில் படத்தைப் பார்க்க மாட்டான். படத்துக்குக் கீழே இருக்கும் பெயரைப் பார்ப்பான். பிறகுதான் படம். புது மனைவி பிரிஜட் இதைக் கண்டுபிடித்துக் கேலி செய்தாள். "கல்யாணத்துக்கு வந்துட்டு பொண்ணப் பாக்காம பத்திரிகைய பாக்கற ஆளு நீங்க" என்றாள்.

அந்த நாளில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு ஃபிலிமை வீட்டார்தான் வாங்கித் தருவார்கள். படக்காரன் நல்ல ஃபிலிமுக்குக் காசு வாங்கிக்கொண்டு காலாவதியானதை மாட்டிவிடுவான் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்கு எப்போதோ வந்த சந்தேகம், நாளடைவில் எல்லோருக்கும் சம்பிரதாயமாகிவிட்டது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு ஃபிலிம் ரோல்களையும் தட்டில் வைத்துப் பெண்ணின் தகப்பனார் நீட்டுவார். படக்காரன் இரு கையாலும் வாங்கிக்கொள்வான். ஆல்பம் முடிந்ததும் நெகட்டிவ்களை உறையில் போட்டு அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

பஃப்பலோ ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பரமசிவமும் தன் மகள் பாக்கியலட்சுமி கல்யாணத்தன்று அப்படித்தான் இரண்டு ரோலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆம்ப்ரோஸைத் தூணோரம் கூட்டிப் போனார். அவருடைய மனைவி ரத்தினம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். உடம்பு வற்றிய பிறகு அவள் கேமரா முன்னால் நிற்க மறுத்துவிட்டாள். அன்றைக்கு மகளுக்காக ஒத்துக்கொண்டு, நாற்காலியோடு மணவறைப் பக்கம் தூக்கிவரச் சொல்லியிருந்தாள்.

"தம்பி, மத்தவங்கள எடுக்காட்டியும் பரவால்ல. அவ சிரிக்கிறப்போ ஒண்ணு எடுத்துருங்க" என்றார்.

ஆம்ப்ரோஸ் எடுத்தான். முதல் ரோலில் வரவேற்பும் உறவுக்காரர்களும் போக, இரண்டாவது ரோலில் தாலி கட்டும் படம். அதற்கு அடுத்ததே ரத்தினம்மா. கையில் இருந்த அட்சதை மகளின் தலைமேல் விழாமல் ஐயர் மடியில் விழ, அதற்காக அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். நல்ல படம். கேமராவை இறக்கும்போதே அவனுக்கு அது தெரிந்தது.

சாப்பாடு முடிவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீடு போத்தோங் பாசிரில். பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைவதை எடுப்பதற்காக ரோலில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் முன்னால் போய்விட, ஆம்ப்ரோஸ் பேருந்து ஏறினான். வழியில் தண்ணீர் சாலையை விழுங்கிவிட்டது. அவன் போன பேருந்துக்கு முன்னால் இன்னொரு பேருந்து ஜன்னல்வரை மூழ்கி நின்றது. இறங்கி, ஒரு மதில்மேல் ஏறி, பெண்ணுக்காக மிச்சம் வைத்திருந்ததை எல்லாம் அந்தப் பேருந்துக்குச் செலவழித்தான்.

அதோடு மாப்பிள்ளை வீட்டை மறந்தான். பெண் எந்தக் காலை வைத்து நுழைந்தாளோ, அது அவனுக்குத் தெரியாது. கேமராவைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து டவுனுக்குத் திரும்பினான். நூருல் அமீனின் ஸ்டூடியோவில் மின்சாரம் இல்லை. ஃபிலிம் கழுவ வழியில்லை. நேராக அந்தப் பத்திரிகை ஆபீசுக்குப் போனான்.

படப் பிரிவில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் கல்யாண வீட்டார் இட்ட சந்தனம். யார் நீ என்று கேட்டார்.

"ஃப்ரீலான்ஸ்" என்றான் ஆம்ப்ரோஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொன்னான். சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது.

ரோலில் வேறு என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். கல்யாணம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் கல்யாணப் படக்காரன் என்று தெரிந்தால் அந்த மனிதர் முகம் எப்படிப் போகும் என்பதை அவன் மனக்கண்ணில் பார்த்துவிட்டான்.

"ஒண்ணும் இல்ல சார். தெரிஞ்சவங்க படம், சும்மா" என்றான்.

மறுநாள் முதல் பக்கத்தில் படம் வந்தது, பக்கத்தின் அகலத்துக்கு. கீழே பெயரைத் தேடினான். இல்லை. சரி, அச்சுக்குப் போகிற அவசரத்தில் விட்டிருப்பார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ரோலைத் திரும்ப வாங்கப் போனான். பேருந்துப் படத்தின் நெகட்டிவை வெட்டி, பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் அவர்களுடைய படச்சாலையில் வைத்துவிட்டார்கள். அது இனிக் கம்பெனிச் சொத்து என்றார் மேசைக்காரர். மிச்சம் எங்கே என்று கேட்டதற்கு, "ஒன்றும் இல்லை என்று நீதானே சொன்னாய்?" என்றார். மிச்சம் குப்பைக்குப் போய்விட்டதாம். ஆம்ப்ரோஸ் அந்தக் கட்டடத்தின் பின்புறம் போய்க் குப்பைத் தொட்டிகளைக் கிளறினான். வெள்ளத்துக்குப் பிந்தைய குப்பை; சேறும் நாற்றமும்தான் கையில் வந்தன.

பரமசிவத்திடம் போய் ரோல் தொலைந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். அவர் கத்தவில்லை. கடையில் நின்ற வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்துவிட்டு, "எந்த ரோல்?" என்று கேட்டார். இரண்டாவது என்றான். அதற்குப் பிறகு அவர் அவனோடு பேசவில்லை.

தைப்பூசத்துக்கு முன்பே ரத்தினம்மா போய்விட்டாள். மாலை போட்டு மாட்ட ஒரு படம் இல்லாமல், அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதில் அவள், யாரோ அடிக்க வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் மாதிரி இருந்தாள். கேதத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், காரணத்தைக் கேட்டார்கள். தாலி கட்டும் படத்தையே தொலைத்தவன் என்று பெயர் ஆகிவிட்ட பிறகு எந்த வீட்டார் தட்டை நீட்டுவார்கள்? கேமராவைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஆம்ப்ரோஸ் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். விடிவதற்கு முன் கம்பெனி பஸ், இருட்டிய பின் கம்பெனி பஸ். அடுத்த வருஷம் ஜோன் என்று ஒரு மகள் பிறந்தாள். பிறகு கிடைத்த புக்கிட் பாத்தோக் வீட்டில் அவள் வளர்ந்தாள்.

படமும் வளர்ந்தது. அதுதான் கொடுமை. மறக்கலாம் என்று பார்த்தால் தொழிற்சாலை கேன்டீனில் அது மாட்டியிருந்தது. ஒரு வருஷம் கோவில் மண்டபக் காலண்டரில் வந்தது. பாதிரியார் பிரசங்கத்தில் அதைக் காட்டி அயலானை நேசிப்பது பற்றிப் பேசினார். பூசை முடிந்து வெளியே காப்பி குடிக்கும்போது ஆம்ப்ரோஸ் பொறுக்க மாட்டாமல், அது நான் எடுத்தது என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா லா, நிலாவுல மொதல்ல கால் வச்சதும் இவர்தான்" என்றார் ஒருவர்.

அன்றிலிருந்து அவனைக் கண்டால், "என்ன ஆம்ப்ரோஸ், இந்த வாரம் என்ன படம்?" என்று கேட்பது ஒரு பொழுதுபோக்கானது. பிரிஜட்டுக்குத் தெரியும், அவன் பொய் சொல்லவில்லை என்று. அதனால்தான் அவளுக்கு ஆத்திரம். "தெருவுல போறவன் எல்லாம் சிரிக்கணும்னா சொல்லிக்கிட்டே இருங்க. உங்க பேரு போடாட்டி நம்ம வீட்ல சோறு வேகாதா?" என்பாள்.

அவனை முழுதாக நம்பியது ஜோன் ஒருத்திதான். பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்த அன்று வகுப்பில் எழுந்து, இது எங்கள் அப்பா எடுத்த படம் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் படத்துக்குக் கீழே இருந்த பத்திரிகைப் பெயரைக் காட்டி, உங்கள் அப்பா அங்கே வேலை செய்கிறாரா என்று கேட்டார். இல்லை, ஜூரோங்கில் ஃபேக்டரியில் என்றாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அழவில்லை, கோபமாகத்தான் வந்தாள்.

"அவங்களுக்குத் தெரியல அப்பா. நீங்க உங்க நேம் போடச் சொல்லுங்க, அப்புறம் எல்லாரும் சாரி சொல்வாங்க" என்றாள்.

அதுவரை அவனுக்குள் இருந்தது வெறும் புழுக்கம். அன்றைக்கு அது வெறியாயிற்று. காசு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். மகளின் புத்தகத்தில் அந்த ஒரு வரியில் தன் பெயர் வர வேண்டும். எண்பத்தேழில் புதுக் காப்புரிமைச் சட்டம் வந்து பத்திரிகைகளில் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த சமயம். கோவிலுக்கு வரும் வக்கீல் சூசைநாதனைத் தேடி நார்த் பிரிட்ஜ் ரோட்டில் அவருடைய ஆபீசுக்குப் போனான். அவர் சிரிக்காமல் கேட்டார். பத்திரிகைக்கு நோட்டீஸ் அனுப்பினார். எடுத்தது அவன்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

ஆதாரமா? ஆம்ப்ரோஸ் சிலிர்த்துக்கொண்டான். "அந்த ரோல்ல பஸ்ஸுக்கு முன்னால ஒரு கல்யாணம் இருக்கும் சார். தாலி கட்டறது இருக்கும், அட்சதை போட்டுச் சிரிக்கிற ஒரு அம்மா இருப்பாங்க. அவங்க படச்சாலையில தேடச் சொல்லுங்க. துண்டு ஃபிலிமாவது கிடைக்கும்."

தேடினார்கள். நெகட்டிவ்கள் குப்பைக்குப் போனது உண்மைதான். ஆனால் அன்று படத்தைத் தேர்ந்தெடுப்பதற்காக ரோல் முழுவதையும் ஒரே தாளில் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சுப் போட்டிருந்தார்கள். கான்டாக்ட் தாள் என்பார்கள் அதை. அது மட்டும் பேருந்துப் படத்தின் உறைக்குள்ளேயே இருந்தது. இத்தனை வருஷமும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பத்திரிகை அதன் பிரதி ஒன்றைச் சூசைநாதனுக்கு அனுப்பியது. மணவறை, தாலி, ரத்தினம்மா, பிறகு பேருந்து. எல்லாம் ஒரே தாளில்.

ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். தான் பைத்தியக்காரன் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்த அழுகை. சூசைநாதன் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஆம்ப்ரோஸ், அவங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. இது கல்யாண ரோல். ஃபிலிம் யாரு வாங்கினது?"

"பொண்ணோட அப்பா சார், பரமசிவம். தட்டுல வச்சுக் குடுத்தாரு. அதுதானே நம்ம பக்கத்துப் பழக்கம்?"

சூசைநாதன் பேனாவை மூடி வைத்தார். "அப்போ இத நீங்க எடுக்கல."

"நான்தான் சார் எடுத்தேன்!"

"கேமராவ நீங்க பிடிச்சீங்க. சட்டத்துக்கு, எடுத்தவர் பரமசிவம்." அவர் பொறுமையாக விளக்கினார். புதுச் சட்டம் இனிமேல் எடுக்கும் படங்களுக்கு. எழுபத்தெட்டில் நடப்பில் இருந்தது வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சட்டம். அதன்படி, படம் எடுத்த நேரத்தில் நெகட்டிவ் யாருக்குச் சொந்தமோ அவரே அந்தப் படத்தைப் படைத்தவர். பத்திரிகைக்கும் அது சொந்தமில்லை, ஆம்ப்ரோஸுக்கும் சொந்தமில்லை.

"கேமரா என்னுது சார்."

"கேமரா யாருதுன்னு சட்டம் கேக்கல."

"பட்டன அமுக்கினது..."

"அதையும் கேக்கல லா."

வீட்டுக்கு வந்து சொன்னபோது பிரிஜட் தலையில் அடித்துக்கொண்டாள். ஃபிலிம் என்னுடையது என்று சொல்லித் தொலைத்திருந்தால் யார் கண்டது? நியாயம்தான். மறைக்கக் கூடாத இடத்தில் மறைத்தான்; மறைத்திருக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறந்தான். ஆம்ப்ரோஸின் ஜாதகம் அப்படி.

பரமசிவம் சம்மதித்தால் ஆம்ப்ரோஸின் பெயரைப் போட வைக்கலாம் என்று சூசைநாதன் அவரை வரவழைத்தார். கிழவராகியிருந்தார். பாக்கியலட்சுமியும் கூட வந்தாள். மேசைமேல் தாளை வைத்ததும் பரமசிவம் பேருந்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நகம் அளவு இருந்த ரத்தினம்மாவின் முகத்தின்மேல் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. பாக்கியலட்சுமி அவர் முதுகில் கை வைத்தாள்.

"இதப் பெருசு பண்ண முடியுமா?" என்றார் வக்கீலிடம்.

"முடியும் ஐயா" என்று ஆம்ப்ரோஸ் முந்திக்கொண்டான். "கொஞ்சம் மங்கலா வரும். ஆனா சிரிப்பு தெரியும். நானே செஞ்சு குடுக்கறேன்."

"நீ தொடாத."

பரமசிவம் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தார். "இத்தன வருஷமும் இது அங்கதான் இருந்துச்சா? அன்னைக்கு அவங்ககிட்ட என்ன சொல்லிக் குடுத்த?"

"ஒண்ணும் இல்ல, தெரிஞ்சவங்க படம்னு சொன்னேன்."

"கல்யாணம்னு சொல்லல?"

"சொல்லல ஐயா."

"ஏன்?"

பதில் சொன்னது பாக்கியலட்சுமி. "கல்யாணப் படக்காரர்னு சொல்லிக்க வெக்கம் பா. வேற என்ன இருக்கப் போகுது?"

அது உண்மை என்பதால் அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டான். உரிமை முழுக்க நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதில் எதுவும் எனக்கு வேண்டாம், படத்துக்குக் கீழே என் பெயரை மட்டும் போடச் சொல்லுங்கள் என்றான். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றான். கை கூப்பினான்.

"எனக்கும் மக இருக்கா" என்றார் பரமசிவம். "அவங்கம்மா முகத்த 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்தவன் நீ. உன் பேரு மட்டும் எனக்குப் பெருசாத் தெரியணுமா?" பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார். "சட்டம் யாரு பேரச் சொல்லுதோ, அந்தப் பேரப் போடச் சொல்லுங்க சார்."

அவரைக் குறை சொல்ல ஆம்ப்ரோஸால் முடியவில்லை. முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்திரிகைக்காரர்கள் வழக்குக்குப் போகாமல் பரமசிவத்தோடு சமரசம் செய்துகொண்டார்கள். அடுத்த முறை படம் வெளியானபோது கீழே "படம்: பரமசிவம்" என்று இருந்தது. கோவிலில் காப்பி குடிக்கிறவர்கள் அதை உடனே கவனித்தார்கள். இத்தனை நாளும் கேலி செய்ததில் கொஞ்சம் சந்தேகம் வைத்திருந்தவர்களுக்கும் அது தீர்ந்தது. எடுத்தவர் யாரோ பஃப்பலோ ரோட்டு மளிகைக்கடைக்காரராம், பாவம், பெரிய மனிதர், இத்தனை வருஷம் வாயே திறக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸிடம் கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். பேச்சு அதைவிடக் கேவலமான இரக்கமாக மாறியது.

எண்பத்தொன்பது ஜனவரியில் பள்ளி திறந்தபோது புதுப் பாடப்புத்தகம் வந்தது. ஜோன் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்த ஆம்ப்ரோஸுக்கு அந்தப் பக்கம் தூரத்திலேயே தெரிந்தது.

"பரமசிவம்னா யாருப்பா?"

அவன் உட்கார்ந்து விளக்கினான். ஃபிலிம் அவர் வாங்கியது என்றான், பழைய சட்டம் என்றான், புதுச் சட்டம் என்றான், ஒரு கல்யாணம் நடந்தது, மழை பெய்தது என்றான். படம் எடுப்பவன் வேறு, எடுத்ததாகச் சட்டம் சொல்பவர் வேறு என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்க விளக்க, அது வகையாக மாட்டிக்கொண்டவன் சொல்லும் பொய் மாதிரியே ஒலித்தது. அவன் காதுக்கே அப்படித்தான் கேட்டது. பிரிஜட் சமையலறையிலிருந்து வந்து, "அப்பா சொல்றது நெஜம் ஜோன்" என்றாள். அம்மா என்றால் அப்படிச் சொல்லத்தானே செய்வாள்.

ஜோன் புத்தகத்தை மூடினாள். அப்பாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"பரவால்லப்பா" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."